அடைத்த அயோடின் குழாய்: வேதியியல் வகுப்புக்கு வாங்கலாம்

வேதியியல் ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். இரு முனையும் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாய். உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் மினுங்கும் அயோடின் துணுக்குகள். நீரில் இறக்கிச் சூடேற்றினால் கத்தரிப்பூ நிற ஆவி அடியிலிருந்து கிளம்பிக் குழாய் முழுக்க நிறைகிறது, கடைசி பெஞ்சு வரை தெரியும். மேல்முனையில் ஈரத்துணி சுற்றினால் அங்கே பளபளவென்று படிகம் கட்டும். என் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

அயோடின் உருகவே உருகாது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது தவறு. 113.7 டிகிரி செல்சியஸில் உருகும், 184-ல் கொதிக்கும். நீர் 100-ஐத் தாண்டாததால்தான் இங்கே திரவம் தென்படுவதில்லை. அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடைத்த குழாய் என்பதால் நிம்மதியாகக் காட்டலாம். நேரடித் தீயில் மட்டும் பிடிக்காதீர்கள். கண்ணாடி இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்கலாம்.