தண்டையார்பேட்டை வீடா, ஓ.எம்.ஆர். அறையா?

வேலை தென்சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), அம்மா அப்பா வடசென்னை தண்டையார்பேட்டையில். எங்கே தங்குவது?

தனி அறையில் பயண நேரம் மிச்சம், ஆனால் வாடகையும் அட்வான்ஸும் சம்பளத்தை விழுங்கிவிடும். வீட்டில் இருந்தால் அந்தப் பணம் தங்கச்சி ஃபீஸுக்கோ சீட்டுக்கோ போகும்; சூடாக மத்திக் குழம்பும் உண்டு. கூடவே, இருக்கிற ஒரே ஹாலில் அப்பா சீரியல் பார்க்க, நீங்கள் குரலைத் தாழ்த்தி ஆபீஸ் கால் பேச வேண்டும். கல்யாணப் பேச்சு இலவசம்! 2021இல் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தும், ஓ.எம்.ஆருக்கு இறங்கி பஸ் ஏறத்தான் வேண்டும்.

பின்லாந்தில் சராசரியாக 21 வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். குரோஷியாவில் 30 தாண்டிவிடும். அப்பா தலைமுறைக்கு இது கேள்வியே இல்லை.

என்னைக் கேட்டால், அட்வான்ஸ் சேரும்வரை வீடுதான். நைட் ஷிஃப்ட் என்றால் மட்டும் அறை. பகலில் அந்த ஹாலில் தூங்க முடியாது.