கதையா, படத் தகவலா?

பழைய நாகரிகங்களைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தக் கதைப் புத்தகம் நல்லதா, படங்களோடு தகவல் சொல்லும் புத்தகமா?

கதையில் குழந்தை ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளும். பழைய எகிப்தின் மன்னன் துட்டன்காமன் அரியணை ஏறியபோது ஏறக்குறைய 9 வயதுதான் என்றதும், "என் வயசா!" என்று நிமிர்ந்து உட்காரும். ஆனால் எது நடந்தது, எது கற்பனை என்று கதை பிரித்துச் சொல்லாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நாம்தான் சொல்ல வேண்டும்.

படப் புத்தகத்தின் பலம் வேறு. சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் உள்ள பெருங்குளத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றே போதும்: சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இறங்கப் படிகள், தண்ணீர் கசியாமல் பூசிய நிலக்கீல் (தார் போன்ற பொருள்). விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெறும் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் என்றால் மூடி வைத்துவிடுவார்கள்.

என் ஓட்டு முதலில் கதைக்கு. அந்த ஊரும் ஆட்களும் மனதில் பதிந்த அப்புறம் படப் புத்தகம்.