வாய்ப்புற்று அறுவைக்குப் பின் டி.வி.டி. பம்ப்: ஒரு மதிப்புரை

வாய்ப்புற்றுக்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட என் தந்தையாருக்கு, இடக்காலின் ஃபிபுலா எலும்பை (முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பு) ரத்தக்குழாய்களோடு எடுத்துத் தாடையில் பொருத்தி, அக்குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களுடன் இணைத்தார்கள். புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டும்; அதனோடு பல மணி நேரம் அசைவின்றிக் கிடப்பதும் சேரும்போது, கால் சிரையில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலை அடைக்கும் அபாயம் கூடுகிறது. அதைத் தடுக்க மருத்துவமனையில் தரப்பட்ட கருவியை எல்லோரும் டி.வி.டி. (DVT, அதாவது ஆழ்சிரை ரத்த உறைவு) பம்ப் என்றே அழைத்தார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சிறு பெட்டியிலிருந்து குழாய் வழியே வரும் காற்று, கெண்டைக்காலில் சுற்றிய உறையை அவ்வப்போது உப்பச் செய்து, சிரையில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இதன் பெரிய பலம், ரத்தக்கசிவை அதிகரிக்காமல் இருப்பது. எனோக்ஸாபரின் போன்ற ஊசி உறைவைத் தடுக்குமென்றாலும், கழுத்துக் காயத்தில் ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுப்பாதை நெருக்கப்படலாம் என்பதால், அதை எப்போது தொடங்குவது என்று மருத்துவர்கள் அளந்தே முடிவெடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் காவல் இந்தப் பம்ப்தான். ஊசி தொடங்கிய பிறகும் அதை நிறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. எலும்பு எடுத்த காலில் உறை போடக்கூடாது என்றதால் வலக்காலில் மட்டுமே அணிவிக்க முடிந்தது. ஒற்றைக் காலுக்கு மாற்றும் அமைப்பைக் கண்டுபிடிக்கும் வரை கருவி ஓயாமல் கூவியது. உறைக்குள் வியர்வை கட்டுவதால் நாள்தோறும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். நடக்கவோ கழிப்பறைக்கோ எழுப்பும்போது கழற்றுபவர்கள் மீண்டும் மாட்ட மறந்துவிடுகிறார்கள். எலும்பு அறுவைக்கான 2012 அமெரிக்க வழிகாட்டல் ஒன்று நாளுக்கு 18 மணி நேர அணிதலை இலக்காகச் சொல்கிறது. வார்டு நடைமுறையில் அது எளிதன்று.

தாடையில் ஒட்டிய திசுவின் குழாயில் உறைவு ஏற்பட்டால் இந்தக் கருவியால் பயனில்லை. முதல் 3 நாட்கள் செவிலியர்கள் மணிக்கு மணி அதன் நிறத்தையும் சூட்டையும் டாப்ளர் கருவியில் கேட்கும் ரத்த ஓட்ட ஒலியையும் பார்த்ததே அதற்கான காவல். நீலம் பாய்ந்தால் சிரை அடைப்பு, வெளிறினால் தமனி அடைப்பு என்று ஐயுற்று, உடனே அறுவை அரங்குக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒற்றைக் கால் வசதி, பேட்டரி, கெண்டைச் சுற்றளவுக்கேற்ற உறை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கால் தமனியில் அடைப்போ, சிரையில் ஏற்கெனவே கட்டியோ உள்ளவர்களுக்கு, மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம்.