கார்டா, ஸ்மார்ட்டேக்கா, ஸ்டிக்கரா? டோலில் எதைக் காட்டுவது

கண்ணாடியில் ரேடியோ அலையில் காரை அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர், டேஷ்போர்டில் கார்டைச் செருகி வைக்கும் ஸ்மார்ட்டேக் கருவி, பர்சில் முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் டச் என் கோ கார்டு. கோலாலம்பூரில் இப்படி மூன்றையும் சுமந்து ஓடும் கார்கள் ஏராளம். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியம். டோலில் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தத் தைரியத்தால்தான்.

பினாங்கு பக்கம் ஜூரு முதல் ஜொகூரின் ஸ்கூடாய் வரை, வடக்கு-தெற்காக ஓடும் பிளஸ் நெடுஞ்சாலையில், நுழைந்த இடத்தையும் வெளியேறும் இடத்தையும் வைத்துத்தான் கட்டணம். எதைக் காட்டி நுழைந்தீர்களோ அதையே வெளியேறும்போதும் காட்ட வேண்டும். கோலாலம்பூரின் ஜாலான் டூத்தாவில் ஸ்டிக்கரில் நுழைந்துவிட்டு, ஜூருவில் வரிசை நீளம் என்று கார்டு பாதைக்குத் தாவினால், அந்தக் கார்டில் நுழைவுப் பதிவே இருக்காது. ஸ்மார்ட்டேக்கில் நுழைந்தவர் மட்டும் அதற்குள் இருக்கும் கார்டை உருவித் தட்டிவிட்டுப் போகலாம். இரண்டுக்கும் பதிவு அதே கார்டில்தான்.

அடுத்த குழப்பம் பணம். கார்டில் 80 ரிங்கிட் இருக்கும், போனில் இருக்கும் டச் என் கோ இ-வாலட்டில் 3 ரிங்கிட்தான் இருக்கும். ஸ்டிக்கர் பணம் எடுப்பது இ-வாலட்டிலிருந்து. கார்டில் எவ்வளவு கிடந்தாலும் அதற்குக் கணக்கில்லை.

ஸ்மார்ட்டேக்கை இனி யோசிக்கவே வேண்டாம். 2018-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இருப்பது ஓடும்வரை ஓடட்டும். பேட்டரி இறங்கினால் பச்சை விளக்கு எரியாது, அவ்வளவுதான்.

கார்டு என்றால், போனின் முதுகில் வைத்தே ரீலோட் செய்யும் என்எஃப்சி வகையை வாங்குங்கள். பழைய வகைக்குக் கடை தேட வேண்டும், சில இடங்களில் 50 சென் கூடுதலாகவும் கேட்பார்கள். ரீலோட் முடிந்ததென்று திரையில் வரும்வரை கார்டைப் போனின் முதுகிலிருந்து எடுக்கக் கூடாது. அவசரப்பட்டால் பணம் கார்டில் ஏறாது.

ஸ்டிக்கருக்கு பேட்டரி கிடையாது. ஆனால் ஒட்டுவதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே தடவையில் ஒட்ட வேண்டும். கோணலாகிவிட்டதென்று உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆன்டெனா கிழிந்துவிடும். புதிதாகத்தான் வாங்க வேண்டும். உலோகம் கலந்த டின்ட் உள்ள கார்களுக்கு முன்விளக்கில் ஒட்டும் வகை இருக்கிறது. டோலில் முன்னால் போகும் காரை ஒட்டிக்கொண்டே நுழையாதீர்கள், எந்தக் கார் என்று கருவி தடுமாறும்.

வாரம்தோறும் நெடுஞ்சாலை ஏறுபவருக்கு ஸ்டிக்கர். இ-வாலட்டில் தானியங்கி ரீலோடையும் போட்டுவிடுங்கள். கார்டு எல்ஆர்டி நகர ரயிலுக்கும் பார்க்கிங்குக்கும் மட்டும், 30 ரிங்கிட் போதும். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் மட்டும் பினாங்கு போகிற குடும்பத்துக்குக் கார்டே தாராளம். ஸ்டிக்கர் ஒரு காரோடு கட்டுப்பட்டது. கார்டு யார் காரிலும் ஏறும். வங்கிக் கார்டை ஏற்கும் டோல்களில் பர்சோடு சேர்த்துத் தட்டாதீர்கள், எந்தக் கார்டில் பணம் போகும் என்று சொல்ல முடியாது.

தடுப்பு திறக்கவில்லையா? பின்னால் ஹார்ன் அடித்தாலும் ரிவர்ஸ் எடுக்காமல், உதவிப் பொத்தானை அழுத்தி எங்கே, எதைக் காட்டி நுழைந்தீர்கள் என்று சொல்லுங்கள்.