பாஸ்போசைட்பிளஸ்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் ஆய்வகப் பணிக்கு வந்ததிலிருந்து, ஒரு புரதத்தில் பாஸ்பேட் எங்கே ஏறுகிறது, அசிடைல் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க பாஸ்போசைட்பிளஸைத்தான் திறக்கிறேன். செல் சிக்னலிங் டெக்னாலஜி என்ற நிறுவனம் நடத்தும் தரவுத்தளம். மனிதன், சுண்டெலி, எலி ஆகியவற்றின் புரதங்களே இதில் அதிகம். 2015இல் வந்த அவர்களது கட்டுரையிலேயே 3,30,000க்கு மேற்பட்ட மாற்ற இடங்கள் கணக்கில் இருந்தன. 95 விழுக்காட்டுக்கும் மேல் மாஸ் ஸ்பெக் (புரதத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காணும் கருவி) தந்தவை.

அந்த 95ஐ மறக்காமல் இருப்பது முக்கியம். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்ணிக்கைகள் போட்டிருப்பார்கள். எல்டிபி என்பது அந்த இடத்தைக் குறிவைத்துச் சோதித்த ஆய்வுகள். எச்டிபி என்பது மாஸ் ஸ்பெக்கில் மொத்தமாக அள்ளியவை. ஏகேடி1 என்ற புரதத்தின் செரின் 473க்கு (473ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம்) இரண்டுமே ஏராளம். எல்டிபி பூஜ்ஜியம், எச்டிபி ஒன்று என்றிருந்தால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒரே பெப்டைடில், அதாவது புரதத் துண்டில், இரண்டு செரின் அடுத்தடுத்து இருந்தால், பாஸ்பேட் எதில் இருந்தாலும் பெப்டைடின் எடை ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே உடைந்த துண்டு கிடைத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதேபோல, பட்டியலில் இல்லை என்பதால் மாற்றமே நடக்கவில்லை என்று ஆகாது. டிரிப்சின் என்ற நொதி புரதத்தை வெட்டும்போது மிகக் குட்டையாகிவிடும் துண்டுகள் கருவியின் கண்ணில் படுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே இடத்தை மூன்று உயிரினங்களிலும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது. "அக்கா, இந்த ஆன்டிபாடி பி53 செரின் 15க்குன்னு போட்டிருக்கு. நம்ம சுண்டெலி செல்லுக்கு ஆகுமா?" என்று புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டால், அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். பி53 புரதத்தின் அதே செரின் மனிதனில் 15, சுண்டெலியில் 18. எண்ணை விட்டுவிட்டு, இருபுறமும் ஏழேழு அமினோ அமிலங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபின் ஆர்டர் போடலாம். டாவ் புரதத்தில் இன்னும் கவனம் வேண்டும்: 441 அமினோ அமில வடிவத்தின் செரின் 202, 758 அமினோ அமில வடிவத்தில் 519.

அப்புறம், 2023இல் 303 செரின்/திரியோனின் கைனேஸ்கள் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள்) விரும்பும் அமினோ அமில வரிசைகள் வெளியாயின. அதை வைத்து, ஓர் இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றுவது எந்தக் கைனேஸ் என்று ஊகிக்கும் கருவியும் இங்கே உண்டு. மதிப்பெண் வரிசைப் பொருத்தத்தைத்தான் சொல்லும். அந்தக் கைனேஸ் உங்கள் செல்லில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு ஒரு புரதத்தைக் கண்டறியும் சோதனை) போட்டுப் பார்க்க வேண்டும்.

வணிகமல்லாத ஆய்வுக்கு இலவசம். கம்பெனியில் இருப்பவர்கள் தரவை இறக்குமுன் உரிமத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.