ஒரே ஷெட்டா, தனித்தனியா? கோத்தகிரிச் சரிவில் பட்டறையும் வீடும்

பட்டறை, குடியிருப்பு, பேட்மிண்டன் கோர்ட் எல்லாவற்றையும் ஒரே இரும்புக் கூரைக்குள் அடக்கினால் செலவு மிச்சம் என்பது சமவெளிக் கணக்கு. சரிவில் அதற்கு அகலமான தளம் வெட்ட வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் தயங்குவார்கள். ஜேசிபி இறக்கவே அனுமதி வாங்க வேண்டும். தனித்தனி என்றால் மேல் தட்டில் வீடு, கீழ்த் தட்டில் பட்டறை. மண் வெட்டுவது குறையும்.

கோர்ட்டுக்கு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம், சுற்றிலும் கொஞ்சம் இடம். உயரம்தான் வில்லங்கம். நல்ல ஆட்டத்துக்கு 9 மீட்டர் தேவை, இங்கே கட்டடத்துக்கே 7 மீட்டர்தான் வரம்பு. எப்படிக் கட்டினாலும் தூக்கி அடித்தால் கூரையில் இடிக்கும். டேபிள் டென்னிஸ் போதும் என்றால் சரி.

ஒரே ஷெட்டில் இன்னொரு தொல்லை. அடுப்பும் வெந்நீரும் விடும் ஆவி, ராத்திரிக் குளிரில் தகரத்தின் அடியில் முத்து முத்தாய்த் திரண்டு, பட்டறையின் லேத் (கடைசல் இயந்திரம்) மேல் சொட்டும். கூரை முழுக்கக் குளிர் தடுக்கும் இன்சுலேஷன் போட்டால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். போட்டாலும் கிரைண்டர் சத்தமும் வெல்டிங் புகையும் படுக்கையறைக்கு வரும். தனி வீட்டில் அந்தப் பாடு இல்லை. மழையில் குடை பிடித்து வேலைக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான். என் ஓட்டு தனித்தனிக்கே.