மஹால் தூண்களும் டார்க்டேபிளும்: ஒரு இருட்டுப் படத்தைப் போட்டிக்குத் தயார் செய்த அனுபவம்

புகைப்படங்களை எடிட் செய்யும் மென்பொருளான டார்க்டேபிளின் 3.0 பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. அன்றிலிருந்து என் கட்டடப் படங்கள் எல்லாவற்றையும் அதில்தான் எடிட் செய்கிறேன். இலவசம் என்பதால்தான் முதலில் நிறுவினேன். இத்தனை வருடமாக விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. நிழல் கனத்துக் கிடக்கும் கட்டடப் படங்களை, எங்கள் புகைப்பட கிளப்பில் ‘மூட்’ படம் என்று சொல்வோமே அவற்றை, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போக இது நன்றாக இடம் கொடுக்கிறது. மதுரை திருமலை நாயக்கர் மஹாலில் எடுத்த ஒரு படத்தை கிளப்பின் மோனோக்ரோம் (கருப்பு வெள்ளை) போட்டிக்குத் தயார் செய்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

மஹால் 1636-ல் கட்டப்பட்டது. இன்று நிற்பது அன்றைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும் வெள்ளைத் தூண்கள், அவற்றை இணைக்கும் சுதை வளைவுகள். காலை வெயில் முற்றத்தில் அடிக்கும்போது தூண் வரிசைக்குள் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கண் கூசும், மறு பக்கம் சுவர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. டிரைபாட் இல்லை, கையில் பிடித்தே எடுத்தேன். முற்றத்துத் தரை வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டேன். வெளுத்துப் போன இடத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. நிழலை, கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வரை தாராளமாகத் தூக்கலாம்.

முதல் வேலை தூண்களை நிமிர்த்துவது. வைட் லென்ஸைச் சற்று மேல்நோக்கிப் பிடித்தாலே தூண்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ‘ரொட்டேட் அண்ட் பெர்ஸ்பெக்டிவ்’ மாட்யூல் (டார்க்டேபிளில் ஒவ்வொரு கருவிக்கும் அதுதான் பெயர்) கோடுகளைத் தானாகவே கண்டுபிடிக்கும். ஆனால் மஹாலைப் போல வளைவும் சுதை வேலைப்பாடும் நிறைந்த இடத்தில் தூணின் இரு விளிம்புகளிலும் நாமே கோடு போட்டுக் காட்டுவது நல்லது. முழுக்க நிமிர்த்திவிட்டால் தூண்கள் மேலே அகன்று வெளிப்பக்கம் சாய்வது போல ஒரு பிரமை வருகிறது. அதனால் ஸ்லைடரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கண்ணுக்கு உறுத்தாத அளவு சாய்வை விட்டுவிடுவேன். இந்தத் திருத்தத்தில் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே தூணின் அடிப்பகுதியைச் சுற்றி இடம் விட்டு எடுப்பது வழக்கமாகிவிட்டது.

அடுத்து கருப்பு வெள்ளை. ‘கலர் காலிபரேஷன்’ மாட்யூலில் கிரே என்ற பகுதி இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது எவ்வளவு வெளிச்சமாக மாற வேண்டும் என்பதை அங்கே தீர்மானிக்கலாம். நீலத்தைக் குறைத்தால் வளைவுக்கு வெளியே தெரியும் வானம் அடங்கும், சிவப்பைக் கூட்டினால் காவி பூசிய இடங்கள் எழுந்து வரும். நிறத்தை வெறுமனே உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்ட்டோடு மல்லுக்கட்டுவதைவிட இங்கேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். செப்பியா மாதிரி சாயம் ஏற்ற ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபியாப் என்ற சர்வதேச புகைப்படக் கூட்டமைப்பின் விதிப்படி படம் முழுவதும் ஒரே சாயம் என்றால் அது மோனோக்ரோம், ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் கலர் பிரிவுக்குப் போய்விடும்.

எனக்கு இந்த மென்பொருளில் பிடித்ததிலேயே பிடித்தது ‘டோன் ஈக்வலைசர்’. படத்தின் வெளிச்சத்தை அடர் நிழலிலிருந்து உச்ச வெளிச்சம் வரை ஒன்பது படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்க விடுகிறது. படத்தின் மேலேயே மவுஸை வைத்து சக்கரத்தை உருட்டினால் போதும். மவுஸ் நிற்கும் இடத்தில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அந்த அளவு வெளிச்சம் உள்ள இடங்கள் மட்டும் வெளிச்சமாகும் அல்லது இருளும். தூணின் நிழல் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்டாப் ஏற்றினேன். சுண்ணாம்புப் பூச்சின் மேடு பள்ளம், பழைய விரிசல், புறா எச்சம் வழிந்த தடம் எல்லாம் மெல்ல வெளியே வந்தன. பக்கத்துப் பகுதிகளின் உள் கான்ட்ராஸ்ட்டைக் கெடுக்காமல் இது வேலை செய்கிறது. அதனால் பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து உருவாக்கும் எச்டிஆர் படங்களில் வரும் அந்தச் சாம்பல் பூத்த தட்டைத்தனம் இங்கே வருவதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அதன் மாஸ்க்கிங் பகுதிக்குப் போய், எந்த இடம் எந்தப் படியில் சேரும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கின் வெளிச்சப் பரவலை முதலில் சரி செய்துவிட்டுத்தான் ஸ்லைடரைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது படிகளில் இரண்டு, மூன்று மட்டுமே வேலை செய்யும்.

இந்த நிலையில் படத்தை கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, எல்லாம் தெரியுது. கண்ணு எங்க போய் உக்காரணும்னு முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டார். நான் சொல்ல வந்த விஷயமே அந்தக் கேள்விதான். படத்தை மொத்தமாக இருட்டாக்கினால் மூட் வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கே வெளிச்சத்தை விட்டுவைக்கிறோம் என்பதில்தான் மூட் இருக்கிறது. என் படத்தில் மூன்றாவது தூணின் அடியில் வெயில் சாய்வாக விழுந்து தரையோடு ஒரு முக்கோணம் போட்டிருந்தது. அதுதான் இடம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் போட்டியாக நின்ற மற்ற வெளிச்சங்களை ஒவ்வொன்றாகத் தணித்தேன்: இடது ஓரத்தில் தெரிந்த முற்றத்துக் கீற்று, மேலே வளைவுக்குள் பளிச்சென்ற வானத் துண்டு, பின்னால் ஒரு விளக்குக் கம்பம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எக்ஸ்போஷர் மாட்யூல், திருத்தத்தை அந்த இடத்தோடு நிறுத்த விளிம்பு நன்றாகக் கரையும் ஒரு நீள்வட்ட மாஸ்க், அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் ஸ்டாப் குறைப்பு. கூடவே வெளிச்ச அளவை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பாராமெட்ரிக் மாஸ்க்கைப் போட்டு, அந்த வட்டத்துக்குள் வெளிச்சமான பகுதி மட்டும் குறையும்படி செய்தேன். அதைச் செய்யாவிட்டால் அருகிலுள்ள நிழலும் சேர்ந்து அழுக்காகிவிடும்.

தூண்களில் கை எட்டும் உயரம் வரை பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். மஹாலுக்குப் போன யாருக்கும் தெரியும், வயிற்றெரிச்சலான காட்சி. பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ‘ரீடச்’ மாட்யூலால் அத்தனையையும் மறைக்க முடியும். படத்தைப் பெரிய விவரம், நுண் விவரம் என அடுக்குகளாகப் பிரித்து, மேற்பரப்பின் சொரசொரப்பைத் தொடாமல் கீறலை மட்டும் எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. நான் மறைக்கவில்லை. இன்றைய மஹால் அப்படித்தான் நிற்கிறது, அதை இல்லாததாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த உயரத்தில் மட்டும் நுண் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, பார்வையை முதலில் அங்கே இழுக்காதபடி செய்தேன். சென்சாரில் இருந்த தூசியையும் தரையில் கிடந்த பிளாஸ்டிக் மூடியையும் மட்டும் எடுத்தேன்.

படத்தைத் தொடுவதே பாவம் என்பவர்கள் லின்னேயஸ் ட்ரைப்பைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அந்த ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையைப் படமெடுத்தபோது இந்த மஹாலையும் எடுத்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மராமத்து பார்ப்பதற்கு முந்தைய, சிதைந்து கிடந்த மஹால் அது. மெழுகேற்றிய காகித நெகட்டிவ்வின் மேல் நிறமி பூசி மேகத்தையும் இலைதழைகளையும் சரிக்கட்டுவது அவர் வழக்கம். அவர் காலத்தில் அது நெகட்டிவ்வோடு ஒட்டிவிட்ட வேலை. எனக்கோ ரா ஃபைல் அப்படியே இருக்கிறது, செய்த ஒவ்வொரு திருத்தமும் பக்கத்திலேயே ஒரு சிறிய எக்ஸ்எம்பி ஃபைலில் வரிசையாகப் பதிவாகிறது. இப்போதெல்லாம் போட்டிகளில் ஏஐ சந்தேகம் வந்தால் மூல ஃபைலைக் கேட்கிறார்கள். என்ன செய்தேன் என்று படிப்படியாகக் காட்ட முடிவது பெரிய நிம்மதி.

இருட்டுப் படம் எடிட் செய்கிறவர்கள் கட்டாயம் பழக வேண்டிய ஒன்று, கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தினால் வரும் கலர் அசெஸ்மென்ட் பார்வை. படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டமும் அதற்கு வெளியே நடுத்தரச் சாம்பலும் வரும். கருப்புத் திரைக்கு நடுவே இருக்கும் படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும், இரவில் விளக்கை அணைத்துவிட்டு வேலை பார்த்தால் இன்னும் மோசம். அந்தச் சட்டம் வந்ததும் படத்தின் உண்மையான இருட்டு புரிந்துவிடும். புரொஜெக்டரில் அடர் நிழல்கள் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால், பார்வையாளர் பார்த்தே ஆக வேண்டிய நிழல் விவரம் எதையும், 0 (முழுக் கருப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையிலான அளவில் 15-க்குக் கீழே நான் விடுவதில்லை. அப்புறம், 8-பிட் ஜேபெக்கில் வழுவழுப்பான இருட்டுச் சுவர் பட்டை பட்டையாகப் பிரியும். நுண் இரைச்சல் கலந்து பட்டைகளை மறைக்கும் டிதரிங் மாட்யூலைப் போட்டு, லேசாக கிரெயினும் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் அது அடங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. மாட்யூல்கள் ஏராளம், ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள் இருப்பதால் புதியவருக்குத் தலை சுற்றும். படத்தின் வெளிச்ச வீச்சைத் திரைக்கு ஏற்ப அடக்கும் ஃபில்மிக் மாட்யூல் எனக்குப் பிடிபடவே சில மாதங்கள் ஆயின. இன்று தொடங்குகிறவர்கள் அதே வேலைக்கு 4.2 பதிப்பில் வந்த சிக்மாய்டை எடுத்துக்கொண்டால் எளிது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் கூர்மையைத் திருத்தும் ‘டிஃப்யூஸ் ஆர் ஷார்பன்’ போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் 2020-ல் செய்த எடிட்டை இன்றைய பதிப்பில் திறந்தாலும் படம் மாறாமல் அப்படியே வருகிறது. கைவிடப்பட்ட மாட்யூல்கள்கூடப் பழைய எடிட்டுகளில் தொடர்ந்து வேலை செய்கின்றன. நீண்ட காலம் பயன்படுத்துகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மஹால் படத்துக்குப் போட்டியில் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. நடுவர் அந்த முக்கோண வெளிச்சத்தைத்தான் முதலில் சுட்டிக்காட்டினார், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். இப்போது பிரின்ட் பிரிவுக்காக அதே ஃபைலில் ஒரு டூப்ளிகேட் எடுத்து வைத்திருக்கிறேன். மேட் காகிதம் திரையளவுக்கு அடர் கருப்பைத் தராது, நிழல்களை இன்னும் கால் ஸ்டாப் தூக்க வேண்டியிருக்கும். முதலில் அந்தத் தூணை மட்டும் சிறு துண்டாக அச்சடித்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழு அளவுக்குக் கொடுக்கப் போகிறேன்.